கேஸை வாபஸ் வாங்க அது யாருடைய கேஸ்?

"அடி வாங்கினவனே கேஸை வாபஸ் வாங்கிட்டான். அப்புறம் உங்களுக்கு என்ன சார்?"

எந்த அடிதடி வழக்கைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுவார். போட்டவுடன் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? அடி வாங்கியவன் அவன். வலி அவனுடையது. ஆஸ்பத்திரிச் செலவும் அவனுடையது. அவனே "வேண்டாம்" என்று சொன்ன பிறகு ஊருக்கு என்ன வந்தது?

பார்க்க நியாயம் போலத் தெரிந்தாலும், இந்த நாட்டில் ஏழைக்கு எதிராகத் தினமும் பயன்படுத்தப்படும் கேள்வி இதுதான். சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு. எப்படி என்று பார்க்கலாம்.

ஒரு சின்னக் கதை

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரி ஹாஸ்டல். முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனை மூன்று சீனியர்கள் இரவில் ரூமுக்குக் கூப்பிடுகிறார்கள். ஏதோ ஒரு அற்பக் காரணம். எதிர்த்துப் பேசிவிட்டான் என்று இரும்புக் கம்பியால் அடிக்கிறார்கள். இடது கை எலும்பு முறிகிறது. நண்பர்கள் ஜி.ஹெச்.சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே ஏ.ஆர். போடுகிறார்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது.

மறுநாள் காலை பையனின் அப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். அவர் வந்து சேருவதற்கு முன்பே சீனியர் ஒருவனின் மாமா வந்து ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். கூடவே ஒரு கட்சிக்காரர். எல்லோரும் நல்லவர்களாகத்தான் பேசுகிறார்கள். "படிக்கிற பசங்க சார், எதிர்காலம் வீணாப் போயிடும்." "ஆஸ்பத்திரிச் செலவு முழுசும் நாங்க பார்த்துக்கறோம்." "நாளைக்கு உங்க பையனும் அதே காலேஜ்லதானே படிக்கணும்?" கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அது ஆறுதலா, மிரட்டலா?

மாலைக்குள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதியாகிவிடுகிறது: "எங்களுக்குள் பேசி சமாதானமாகப் போய்விட்டோம். மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை." அப்பா கையெழுத்து. கட்டுப் போட்ட கையோடு பையன் கையெழுத்து. கூட இருந்தவர்கள் சாட்சிக் கையெழுத்து. முடிந்தது. எஃப்.ஐ.ஆர். கிடையாது. அதிகபட்சம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது இருக்கும்.

ஹாஸ்டலில் மறுவாரம் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்: "அவனே வாபஸ் வாங்கிட்டான்டா."

இந்தக் கதையில் சட்டம் எங்காவது இருக்கிறதா? இல்லை. இது கட்டப் பஞ்சாயத்து. ஆலமரத்தடிக்குப் பதில் காவல் நிலையத்தில் நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புகார் யார் கொடுக்கலாம்?

முதல் மூடநம்பிக்கை: அடி வாங்கியவன்தான் புகார் கொடுக்க வேண்டும்.

இல்லை. குற்றம் நடந்தது தெரிந்த யாரும் கொடுக்கலாம். பார்த்த நண்பன் கொடுக்கலாம், வார்டன் கொடுக்கலாம், வழியில் போனவர் கொடுக்கலாம். யாருமே கொடுக்காவிட்டாலும் தகவல் கிடைத்த போலீஸ்காரரே வழக்குப் பதியலாம். குற்றவியல் சட்டத்தை யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்பதை 1984ல் அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. புகார் கொடுப்பவர் வெறும் தகவல் கொடுப்பவர்தான். அவர் வழக்கின் முதலாளி அல்ல.

போலீஸ் கைது ஆணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் (காக்னிசபிள் என்பார்கள்), எஃப்.ஐ.ஆர். பதிவது இன்ஸ்பெக்டரின் கருணை அல்ல, கடமை. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்க்கத் தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். இன்ஸ்பெக்டர் மறுத்தால் எஸ்.பி.க்கு அனுப்பலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

(புதிய சட்டத்தில் ஒரு சந்து இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த 14 நாளில் எத்தனை மாமாக்கள் ஸ்டேஷனுக்கு வந்து போவார்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்!)

கல்லூரி விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1996ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009ல் யு.ஜி.சி. விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி ராகிங்கில் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டியது கல்லூரித் தலைவரின் பொறுப்பு. பையன் எழுதிக் கொடுக்கிறானா இல்லையா என்று காத்திருக்க வேண்டியதே இல்லை. ஏன் இப்படி ஒரு விதி? அடி வாங்கிய பையன் அதே ஹாஸ்டலில்தான் தூங்க வேண்டும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தச் சுமையை அவன் தோளிலிருந்து இறக்கி நிர்வாகத்தின் தோளில் வைத்தார்கள். நிர்வாகம் அதைத் திருப்பி அவன் தோளிலேயே வைத்தால் அதற்குப் பெயர் கருணை அல்ல, கைகழுவல்.

வாபஸ் யார் வாங்கலாம்?

இரண்டாவது மூடநம்பிக்கை: கொடுத்தவரே திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கோர்ட்டில் ஒரு அடிதடி வழக்கின் தலைப்பைப் பாருங்கள். அடி வாங்கியவர் பெயரா இருக்கும்? இருக்காது. ஒரு பக்கம் அரசு, காவல் ஆய்வாளர் மூலமாக. மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். அடி வாங்கியவர் முதல் சாட்சியாக இருப்பார், அவ்வளவே. வழக்கு அவருடையது இல்லை என்றால் அவர் எதைத் திரும்பப் பெறுவார்?

எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு ஒரு அடிதடி வழக்கு விசாரணை முடிவதற்குள் நிற்க வேண்டுமென்றால் சட்டத்தில் இருக்கும் முக்கியமான வழிகள் இவைதான்:

1. போலீஸ் விசாரித்துவிட்டு வழக்கை முடிக்க அறிக்கை கொடுப்பது. அப்போதும் கடைசி வார்த்தை மாஜிஸ்திரேட்டுடையது. முடிப்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2. சமரசம். சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பழைய சி.ஆர்.பி.சி.யில் 320வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 359. பட்டியலில் உள்ள குற்றங்களை மட்டும், பட்டியல் சொல்லும் ஆள் மட்டும் சமரசம் செய்துகொள்ளலாம்.

3. அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெறுவது. அதற்கும் கோர்ட்டின் சம்மதம் வேண்டும். பழைய 321, இப்போது 360.

4. உயர் நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் வழக்கை ரத்து செய்வது. பழைய 482, இப்போது 528.

ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பது இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள். கிடைக்காது.

இப்போது அந்தச் சமரசப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்கலாம். சாதாரணக் காயம் (பழைய 323, இப்போது பி.என்.எஸ். 115(2)) என்றால் அடி வாங்கியவர் தானாகவே சமரசம் செய்துகொள்ளலாம். எலும்பு முறிவு, பல் உடைவது போன்ற கொடுங்காயம் (பழைய 325, இப்போது 117(2)) என்றால் கோர்ட் அனுமதியோடுதான் முடியும். ஆயுதத்தால் காயப்படுத்தியது, ஆயுதத்தால் கொடுங்காயம் (இப்போது 118), கொலை முயற்சி, பெண்ணை மானபங்கப்படுத்தும் தாக்குதல் (இப்போது 74), இவை எதுவும் பட்டியலிலேயே இல்லை.

நம் கதையில் இரும்புக் கம்பி, எலும்பு முறிவு. ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் குறைந்தபட்சம் ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். அதைத்தான் ஒரு வெள்ளைத்தாளும் நாலு கையெழுத்தும் போட்டு "முடித்து" வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டு அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் 294(பி), 323, 506(2) என்று மூன்று எண்கள் ஒன்றாகவே வரும், இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி. வெறும் 323 என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி)யைச் சேர்த்தால் முடியும். ஆனால் சமரசப் பட்டியலில் 323 இருக்கிறது, 294(பி) இல்லை! அதாவது கன்னத்தில் அறைந்ததை மன்னித்துவிடலாம், அறையும்போது திட்டியதை மன்னிக்க முடியாது. புதிய சட்டத்தில் எண்கள்தான் மாறின, இந்தக் கூத்து மாறவில்லை. இதற்காகவே ரத்து மனுவோடு உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. சட்டத்தில் பைத்தியக்காரத்தனமே இல்லை என்று யாரும் வாதாட வேண்டாம். இருக்கிறது. அதைத் திருத்தவும் வேண்டும். ஆனால் அதற்காக ஸ்டேஷன் பஞ்சாயத்து சரியாகிவிடாது.

ஏன் அரசிடம் இருக்க வேண்டும்?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். வலி அவனுடையது என்றால் முடிவும் அவனுடையதுதானே?

இல்லை. காரணம் ரொம்ப எளிது. வழக்கின் சாவி அடி வாங்கியவன் பாக்கெட்டில் இருந்தால், அடித்தவன் மறுபடியும் அந்தப் பாக்கெட்டைத் தேடித்தான் வருவான்.

வழக்கை நிறுத்தும் அதிகாரம் உனக்கு இருக்கிறது என்று ஒரு பலவீனமானவனிடம் சொல்வது அவனுக்குக் கொடுக்கும் உரிமை போலத் தோன்றும். உண்மையில் அது அவன் முதுகில் ஒட்டும் இலக்கு. கடன் கொடுத்தவர் வருவார். வேலை கொடுக்கும் பண்ணையார் வருவார். சொந்தக்காரர்கள் வருவார்கள். எதிர்ப் புகார் வரும். அடி வாங்கியவன் மேலேயே ஒரு கவுண்டர் கேஸ் போட்டு, "நீ எடு, நாங்களும் எடுக்கிறோம்" என்று பேரம் பேசுவார்கள். இந்தத் தந்திரம் தெரியாத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா?

சாதி வன்கொடுமை வழக்குகளில் இது அப்பட்டமாகத் தெரியும். அடி வாங்கியவர் அந்த ஊரிலேயே கூலி வேலை செய்ய வேண்டும், அந்தக் கடையிலேயே மளிகை வாங்க வேண்டும், அந்தத் தெரு வழியாகத்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். "ஊர்ல ஒத்துமையா இருக்கணும்ல" என்று நாலு பெரியவர்கள் வந்து சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? 1989ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் செய்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையே குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்றது. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த "ஒத்துமை"யின் அர்த்தம் புரிந்திருந்தது.

பெண்கள் மீதான தாக்குதல்களில் இன்னும் மோசம். 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில், தண்டனை பெற்றவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச அனுப்பியது. நாடே கொதித்தது. அடுத்த மாதம் முதல் தேதியே உச்ச நீதிமன்றம் மதன்லால் என்ற மத்தியப் பிரதேச வழக்கில், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. அதற்குப் பிறகு சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. 2024 நவம்பரில் ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குழந்தைக்கு நடந்த கொடுமையை அப்பா எப்படி மன்னிக்க முடியும்? அது அவருடைய சொத்தா?

இன்னொரு காரணமும் உண்டு. அடித்தவன் ஒருவனோடு நிற்பதில்லை. காசு கொடுத்தால் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டவன், அடுத்த வருடம் வரும் முதலாம் ஆண்டு மாணவனையும் அடிப்பான். அந்த அடுத்த மாணவன் இந்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடவில்லையே! அவன் சார்பில் பேச யாராவது ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர்தான் அரசு. குற்றம் சமூகத்துக்கு எதிரானது என்று சட்டப் புத்தகங்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

எதிர்த் தரப்பு சொல்வதில் உண்மை இல்லையா?

இருக்கிறது. அதைப் பேசாமல் போவது நேர்மை ஆகாது.

குடித்துவிட்டு அடிக்கும் கணவன். மனைவி ஸ்டேஷனுக்குப் போகிறார். அவருக்கு வேண்டியது அடி நிற்பது. கணவன் ஜெயிலுக்குப் போனால் வீட்டு வாடகை யார் கொடுப்பது என்ற கேள்வி அவர் முன்னால் நிற்கிறது. அவரிடம் போய், "அம்மா, இது உங்கள் வழக்கு இல்லை, அரசின் வழக்கு, நீங்கள் வெறும் சாட்சி" என்று சொன்னால் அது என்ன நியாயம்? அடிப்பதற்கு முன்னும் அவர் பேச்சு எடுபடவில்லை, அடித்த பின்னும் எடுபடாது என்றால், ஒரு எஜமானனிடமிருந்து இன்னொரு எஜமானனிடம் போனது போலத்தான். அமெரிக்காவில் பல ஊர்களில் குடும்ப வன்முறை வழக்குகளை மனைவி கேட்டாலும் கைவிடமாட்டோம் என்று கொள்கை வகுத்தார்கள். அது காப்பாற்றுகிறதா, அவமதிக்கிறதா என்ற வாதம் அங்கே இன்றுவரை ஓயவில்லை.

அதேபோல இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் குழாயடியில் கைகலந்தார்கள். ஆறு மாதத்தில் ராசியாகிவிட்டார்கள். அவர்களை ஏழு வருடம் வாய்தாவுக்கு அலைய விடுவதில் யாருக்கு லாபம்?

உண்மைதான். அதனால்தான் சட்டமே சின்னக் காயத்தைச் சமரசப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2012ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட தகராறின் தன்மை கொண்ட வழக்குகளைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம், கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற கொடிய குற்றங்களைச் செய்யக்கூடாது என்று கோடு போட்டது. 2014ல் நரிந்தர் சிங் வழக்கிலும் 2019ல் லட்சுமி நாராயண் வழக்கிலும், என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடத்தில் காயம், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னது.

ஆக, வாதம் "சமரசமே கூடாது" என்பது அல்ல. சமரசம் எங்கே நடக்க வேண்டும், யார் முன்னால் நடக்க வேண்டும் என்பதுதான் வாதம். ஸ்டேஷனில் மாமாவும் கட்சிக்காரரும் சுற்றி நிற்க நடக்கும் சமரசமும், ஒரு நீதிபதி "உங்களை யாராவது மிரட்டினார்களா? பணம் கைமாறியதா? உண்மையிலேயே சம்மதமா?" என்று கேட்டுப் பதிவு செய்யும் சமரசமும் ஒன்றாகுமா? முதலாவதில் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதில் சம்மதம் இருக்க வாய்ப்பாவது இருக்கிறது.

அந்த மனைவியின் விஷயத்திலும் அதேதான். அவருக்கு முதலில் தேவை வாடகை, பாதுகாப்பு, ஒரு வக்கீல். 2005ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வீட்டில் வசிக்கும் உரிமை, ஜீவனாம்சம், பாதுகாப்பு உத்தரவு எல்லாம் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கொடுத்துவிட்டு, "இப்போது சொல்லுங்கள், வழக்கு வேண்டுமா வேண்டாமா?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் அவருடைய பதில். எதையும் கொடுக்காமல் கேட்டால் வருவது பசியின் பதில்.

அரசு மட்டும் யோக்கியமா?

வழக்கு அரசுடையது என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாகவே வரும். அந்த அரசு எப்படி நடந்துகொள்கிறது?

கேவலமாக நடந்துகொள்கிறது என்பதே பதில். ஏழை வாபஸ் கேட்டால் "இது அரசு வழக்கு" என்று சட்டம் பேசும் அரசுதான், தன் ஆட்களுக்கு வந்தால் சத்தமில்லாமல் வாபஸ் மனு போடுகிறது. 2015 மார்ச்சில் கேரள சட்டமன்றத்தில் பட்ஜெட் தினத்தன்று உறுப்பினர்கள் சபாநாயகர் மேடையையே துவம்சம் செய்தார்கள். நாடே டி.வி.யில் பார்த்தது. ஆட்சி மாறியது. 2018ல் அரசுத் தரப்பே அந்த வழக்கைத் திரும்பப் பெற மனு போட்டது. கீழ்க் கோர்ட் மறுத்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அடுத்த மாதமே இன்னொரு உத்தரவு: எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கு எதையும் உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது. இப்படி ஓர் உத்தரவு போட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. புதிய 360வது பிரிவில், பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் அரசு வழக்கறிஞரின் வாபஸ் மனுவைக் கோர்ட் அனுமதிக்கக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறைக்கு வரட்டும்.

சாட்சிப் பாதுகாப்பும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவரை வெறும் சாட்சி என்று சொல்லும் அரசு, அந்தச் சாட்சியைக் காப்பாற்றுகிறதா? குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்து எல்லோரும் விடுதலை ஆனதையும், 2004ல் உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டு வழக்கை மகாராஷ்டிரத்துக்கே மாற்றியதையும் மறக்க முடியாது. அதற்குப் பிறகும் 14 வருடம் கழித்து, 2018 டிசம்பரில்தான் நாடு முழுவதற்கும் ஒரு சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் கோர்ட் ஒப்புதலோடு வந்தது. கோர்ட்டுக்கு வெளியே வாபஸ் வாங்க முடியாதபோது, கோர்ட்டுக்கு உள்ளே கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்வதுதான் ஏழையின் வாபஸ். அவர் மேல் பொய்ச் சாட்சி வழக்குப் போடுவது சுலபம். அவர் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்துவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

• ஸ்டேஷனில் "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும். ஏ.ஆர்.ரில் எலும்பு முறிவு என்று இருந்தும் எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் அந்த அதிகாரி காரணம் சொல்ல வேண்டும். பெண்கள் மீதான சில குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை கடுங்காவல் என்று சட்டமே இருக்கிறது (பி.என்.எஸ். 199). அதை மற்ற கொடுங்காய வழக்குகளுக்கும் நீட்டிக்கலாம்.

• சமரசம் மாஜிஸ்திரேட் முன்னால் மட்டும். அதற்கு முன் பாதிக்கப்பட்டவரோடு இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் தனியாகப் பேச வேண்டும், எதிராளியோ சொந்தக்காரர்களோ இல்லாமல். நிஜமான சம்மதம் என்றால் ஒரு மாத அவகாசத்தில் மாறிவிடாது.

• திட்டியதற்கு மட்டும் சமரசம் இல்லை என்பது போன்ற கூத்துகளைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். குழாயடிச் சண்டைக்காக யாரும் உயர் நீதிமன்றம் வரை போகக் கூடாது.

• அரசு ஒரு வழக்கைத் திரும்பப் பெற்றால் காரணத்தை எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

கடைசியாக, படிப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஹாஸ்டலிலோ தெருவிலோ ஒருவன் அடி வாங்குவதைப் பார்த்தால், "அவன் புகார் கொடுத்தா சாட்சி சொல்றேன்" என்று காத்திருக்க வேண்டாம். பார்த்தவரே எழுதிக் கொடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. மாமா ஒருவனை மிரட்டலாம், பத்துப் பேரை மிரட்டுவது கொஞ்சம் சிரமம்.

அதே மாதிரி, யாராவது வந்து "அவனே வாபஸ் வாங்கிட்டான், உனக்கு என்ன?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

"அவன் வாபஸ் வாங்கும்போது ரூமில் வேற யாரெல்லாம் இருந்தாங்க?"